மச்சானுக்குக் குரல் கொடுத்த வண்டி

கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் என் கார் நாலு கதவையும் டிக்கியையும் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. மழையில் நனைந்த கோழி வெயில் கண்டதும் சிறகை விரித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. உள்ளே ஓட்டுநர் இருக்கையில் நான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். வண்டி எங்கும் போகப்போவதில்லை. ஆனால் பயம் வரும்போது மனிதனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கும் கோயில் படிக்கும் நடுவே ஊர் முழுக்க நின்றது. படியில் என் மச்சான் வெள்ளைச்சாமி, அதாவது என் மனைவி தனத்தின் அண்ணன், கையில் போனோடு நின்றார். திருவிழாவின் ஏலத்தை அவர் விட வேண்டும். அவருக்குக் குரல் கிடையாது. அவர் வாயை அசைத்தால் என் வண்டி பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏற்பாட்டைச் செய்தவன் நான். குழாய்க்கு வாஷர் மாற்றப் போய் வீட்டைக் குளமாக்கிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்தவர்களுக்கு அன்று நான் ஏன் ஸ்டியரிங்கை விடவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

பல்லி மாதிரி ஒரு கேசட்

அந்தக் காரை நான் வாங்கும்போதே அது பலர் கை மாறி வந்தது. அதில் ஒரு டேப் இருந்தது. டேப்புக்குள் ஒரு கேசட் இருந்தது. கேசட் பாடவும் பாடாது, வெளியே வரவும் வராது. விற்றவர், “அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், ஒண்ணும் பண்ணாது” என்றார், சுவரில் இருக்கும் பல்லியைப் பற்றிச் சொல்வதுபோல.

ரேடியோ உண்டு. மலைமேல் இருக்கும் நிலையத்திலிருந்து வரும் பாட்டு, வண்டி மேற்கே பார்த்திருந்தால் மட்டும் கேட்கும். வத்தலக்குண்டு போகும்போது பாட்டு. திண்டுக்கல் திரும்பும்போது கடலை வறுக்கும் சத்தம்.

ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தவிர மற்றவை எப்போதோ உயிரை விட்டிருந்தன. மிஞ்சியது பின்கதவில் இருந்த ஒன்று. அதில் தாளம் வரும், பாடகர் வரமாட்டார். பக்கத்து வீட்டில் யாரோ அம்மி கொத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பல வருஷம் ரசித்து ஓட்டினேன்.

விடுமுறைக்கு வந்த மகள்தான் ஒரு நாள் பதறினாள். “அப்பா, வண்டில ஏதோ கழண்டு ஆடுதுப்பா. ஓரமா நிறுத்திப் பாருங்க.”

அப்போது ஓடிக்கொண்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ரோடு கேக்கணுமா?

எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். அதுதான் என் வாழ்க்கையின் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். வாட்ஸ் என்றால் என்ன, ஓம்ஸ் என்றால் என்ன என்று வாரக்கணக்கில் படித்தேன். பிறகு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாயிடம் போய், படித்ததையெல்லாம் அவருக்கே விளக்கினேன்.

பாய் அவசரப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் முடித்ததும், “எல்லாம் சரி சார். பாட்ட நீங்க கேக்கணுமா, ரோடு கேக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“நான் கேக்கத்தான் பாய்.”

“அப்ப இந்தச் சின்ன செட்டே போதும்.”

அவருக்குப் பின்னால் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. குட்டி பீரோ அளவு. “அது என்ன?”

“அது பேஸ் பெட்டி. திம் திம்னு அதிரும். ரோடு கேக்குறவங்களுக்கு.”

வீட்டுக்குப் போகும்போது அது என் டிக்கியில் இருந்தது. கூடவே அதற்குத் தீனி போட ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையர். கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர். டேப் இருந்த இடத்தில் கண்ணாடித் திரை வைத்த செட். நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் வைக்கும் பொட்டு மாதிரி ஸ்பீக்கர்கள். மெல்லிய சத்தத்துக்காம். காசைப் பிடுங்கும் வேலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கூட வந்திருந்த தனம் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“மூக்குத்தி மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே.”

இருந்துவிட்டுப் போனது. என் வாரக்கணக்கான படிப்பை அந்த ஒரு வாக்கியம் தாண்டிப் போனதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பழைய டேப்பை உடைத்துத்தான் கேசட்டை எடுத்தார்கள். என்ன பாட்டு என்று ஆவலோடு துடைத்துப் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே ஆங்கிலம் பேசுவது எப்படி, முதல் பாடம்.

“இத்தன வருசமா இங்கிலீசு நம்ம வண்டிக்குள்ளயே இருந்துருக்கு” என்றாள் தனம். “உங்களுக்குத்தான் வரல.”

பாய் போனை செட்டோடு இணைத்துக் காட்டினார். “போன் வந்தா பாட்டு தானா நின்னுரும் சார். பேச்சு எல்லா ஸ்பீக்கர்லயும் கேக்கும். போன வச்சதும் பாட்டு விட்ட எடத்துல இருந்து தானா வந்துரும். நீங்க ஒண்ணும் தொட வேணாம்.” அந்தத் ‘தானா’வை அவர் பெருமையோடு சொன்னார். பின்னால் அது என்ன பாடு படுத்தும் என்று அவருக்கும் தெரியாது.

பாடுகிறவளுக்கு மூச்சு இருக்கிறது

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மகள் ஆடுகிறது என்று சொன்ன அதே பாட்டைப் போட்டேன்.

கல்லூரி நாளிலிருந்து கேட்கும் பாட்டு. எனக்கு அதில் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். முதல் வரி தொடங்குமுன் ஒரு சின்ன சத்தம். பாடகி மூச்சை உள்ளே இழுக்கிறாள். இத்தனை காலம் அந்தப் பெண் மூச்சு விடாமலே பாடிக்கொண்டிருந்தாள் என்னைப் பொறுத்தவரை. இடது பக்கம் யாரோ வீணையில் விரலை நகர்த்தும்போது கம்பி லேசாகக் கீச்சிட்டது. வலது மூலையில், இருப்பதே தெரியாமல் ஒரு சலங்கை. சரணத்தில் இரண்டே இரண்டு முறை குலுங்கியது. அந்தக் கலைஞர் அதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து வந்து, இரண்டு முறை குலுக்கிவிட்டுப் போயிருக்கிறார். நான் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவரைப் பார்க்கிறேன்.

தனம் எட்டிப் பார்த்து, “என்னங்க, ஏன் அழுகுறீக?” என்றாள்.

“ஏசி காத்து” என்றேன். அந்த வண்டியில் ஏசி வேலை செய்யாது என்பது அவளுக்குத் தெரியும். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளைச்சாமியின் தொண்டை

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளைச்சாமி மச்சான் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஏலம் விடுகிறவர். அவர் விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும் என்பார்கள். நான் நம்பவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றேன், கேட்டது. என் கல்யாணத்தில் அவர் “கெட்டிமேளம்” என்று போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஊத மறந்துவிட்டார். நான் கட்ட மறந்துவிட்டேன்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. மிஞ்சியது வெறும் காற்று. காதை அவர் வாயருகே கொண்டுபோனால் அந்தக் காற்றில் வார்த்தைகள் இருப்பது தெரியும்.

ஒரு வினோதம் சொல்கிறேன். அவரிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் தாமும் குரலை இறக்கிக் காற்றிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். டீக்கடை மணி உரத்த தொண்டைக்காரர். அவரே மச்சானிடம் வந்ததும், “சீனி போடவா, அப்பு?” என்று திருட்டுப் பொருள் விற்கிறவர்போல் ரகசியமாகக் கேட்பார். மச்சானுக்கு அது பிடிக்காது. பேட்டைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையே நிறுத்தினார். கையைக் காட்டுவார், தலையை ஆட்டுவார். ஒட்டன்சத்திரத்துத் தரகர் ஒருவர் நல்ல மனசோடு, “ஏனுங்க, மாட்டுச் சந்தைக்கு வந்துருங்க. துண்டுக்குள்ள கைய விட்டு வெரலத் தொட்டே வெல பேசிக்கலாமுங்க, வாயே வேண்டாமுங்க” என்றார். மச்சான் எழுந்து உள்ளே போய்விட்டார். ஊருக்கே கேட்க விலை கூறியவரைத் துண்டுக்குள் கூப்பிட்டால் வேறென்ன செய்வார்?

ஆத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊர். அம்மன் திருவிழாவின் கடைசி நாளில் காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விடுவார்கள். சிறுமலை வாழைத்தார், சேவல், தேங்காய், அம்மனுக்குச் சாத்திய சேலை, எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம். மீசை முளைத்த நாளிலிருந்து அதை மச்சான்தான் விடுவார். கூலி கிடையாது. ஒரு துண்டு போர்த்துவார்கள். அந்தத் துண்டை அவர் அடுத்த திருவிழாவரை தோளை விட்டு இறக்க மாட்டார்.

குரல் போன பிறகு வந்த முதல் திருவிழாவுக்கு முன், கமிட்டித் தலைவர் ராமசாமி அவரை மைக்கில் பேச வைத்துப் பார்த்தார். காற்றுக் குரல் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால் மரத்தில் கட்டியிருந்த ஹாரன் ஊளையிட்டது. தெருநாய்கள் பதில் சொல்லின. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட மனசில்லை, சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் ராமசாமி வீட்டுக்கு வந்து, அவரும் ரகசியக் குரலில், “வெள்ளை, நத்தத்துல இருந்து ஒரு ஆள வரச் சொல்லிட்டோம்ப்பா. மனசுல வச்சுக்கிறாத” என்றார். மச்சான் தலையை ஆட்டினார். தோளிலிருந்த பழைய துண்டை எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். தனம் இதை எனக்குச் சொல்லும்போது அந்த மடித்த விதத்தைக் கையால் செய்து காட்டினாள்.

தென்னைகளுக்கு ஒரு ஏலம்

அந்த வாரம்தான் வண்டிக்குப் புது செட் வைத்திருந்தேன். நானும் தனமும் ஆத்தூர் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பாட்டு நின்று, வண்டி முழுக்க மணி அடித்தது. திரையில் வெள்ளைச்சாமி மச்சான் பெயர்.

மச்சான் யாருக்கும் போன் செய்ய மாட்டார். தனம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நான் எடுத்தேன்.

முதலில் காற்று. பிறகு, என் இடது காதுக்குப் பக்கத்திலும் வலது காதுக்குப் பக்கத்திலும், நெற்றிக்கு நேர் முன்னாலும்:

“சிறுமலத் தாரு... அம்மனுக்கு வந்த தாரு... கேக்குறவுக கேக்கலாம்... ஒருதரம்...”

வண்டியை ஓரம் கட்டினேன்.

அவர் எங்களிடம் பேசவில்லை. தோட்டத்தில் தனியாக நின்று, போனை மைக் மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தென்னை மரங்களுக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். விரல் பட்டு எனக்கு அழைப்பு வந்துவிட்டது.

நேரில் காதை ஒட்டினாலும் பாதிதான் பிடிபடும் அந்தக் குரல், முழுசாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொடும் சத்தம், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே அவர் உதட்டை ஈரப்படுத்தும் சத்தம். ‘ரெண்டு’ என்பதில் அவர் வைத்த அந்தப் பழைய நீட்டல். எல்லாம் வந்தது அந்த மூக்குத்தி ஸ்பீக்கர்களிலிருந்து. நான் பெருமையாக வாங்கிய பேஸ் பெட்டி டிக்கியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

தனம் கதவு ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“அண்ணனோட ஏலம் எங்கயும் போயிரலங்க” என்றாள். “உள்ள அப்புடியே இருக்குங்க.”

நான் பேச வாயெடுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். “வச்சிருங்க. நாம கேட்டது தெரிஞ்சா செத்துப் போவாரு.”

வைத்தேன். பாயின் பெருமைப்படி, பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாக வந்தது. அதை அணைத்தேன்.

இது யாரு?

மறுநாள் வண்டியை அவர் தோட்டத்துக்குள் கொண்டுபோய்க் கதவுகளைத் திறந்துவைத்தோம். “செத்த நேரம் கெணத்துப் பக்கம் போய் நின்னு எனக்கு ஒரு போன் போடுங்க மச்சான், புது செட்டு எப்படின்னு பாப்போம்” என்றேன். போட்டார். “அலோ” என்றார்.

“அலோ” என்றது வண்டி, தோட்டம் முழுக்கக் கேட்க. தொழுவத்தில் எருமை திரும்பிப் பார்த்தது.

மச்சானும் திரும்பிப் பார்த்தார். போனை வாயிலிருந்து இறக்காமலே, “இது யாரு?” என்றார். வண்டியும் ஒரு கணம் பிந்தி, “இது யாரு?” என்றது.

“நீங்கதாண்ணே” என்றாள் தனம்.

ராமசாமியைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. “ஏப்பா, சாமி ஏலத்தக் காரு விடுமா? அம்மன் கோவிச்சுக்கும்.” தனம் விடவில்லை. “அம்மன் பேட்டரியில ஓடுற சீரியல் லைட்ட ஒத்துக்கிறல?” கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நத்தத்துக்காரரும் வந்து உட்கார்ந்திருப்பார். முதல் பொருளிலேயே சொதப்பினால் துண்டு அவருக்கு.

சேவலும் ஊரும்

இப்போது புளியமரத்தடிக்கு வாருங்கள்.

நத்தத்துக்காரர் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அந்தச் செருமலே என் வண்டியைவிடச் சத்தமாக இருந்தது.

முதல் பொருள் சேவல். மச்சான் போனை வாயருகே உயர்த்தினார்.

“சாமி சேவல்...” என்றது என் வண்டி.

யாருக்கும் கேட்கவில்லை. தோட்டத்தில் எருமை மட்டும் இருந்தது, இங்கே ஊரே இருந்தது. பிள்ளைகள் அழ, பெண்கள் பேச, ஐஸ் வண்டி மணியடிக்க. நான் சத்தத்தை முழுக்கத் திருகினேன். அதற்குமேல் திருக ஒன்றுமில்லை. மச்சான் மறுபடி சொன்னார். பின்வரிசையில் ஒருத்தர், “ஏலே, காரு என்னமோ மூச்சு வாங்குதுடா” என்றார். சிரிப்பு கிளம்பியது. மச்சானின் கை போனோடு லேசாக இறங்கியது. நத்தத்துக்காரர் எழுந்து துண்டைச் சரிசெய்தார்.

அப்போதுதான் டீக்கடை மணி ஏலம் கேட்டார். வண்டிக்குப் பக்கத்தில் நின்றதால் அவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது. கேட்டவர், பழக்க தோஷத்தில், மச்சானிடம் பேசுகிற அதே ரகசியக் குரலில் கேட்டுவிட்டார். கை மட்டும் உயர்ந்தது.

“என்ன சொன்னான்?” என்றார் பக்கத்தில் நின்றவர். “இருப்பா, கேக்க விடு” என்றார் அவருக்குப் பக்கத்தவர். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பி, “உஸ்” என்றார். அந்த ‘உஸ்’ வரிசை வரிசையாகக் கோயில் படிவரை போனது. பெண்கள் பக்கம் போனது. ஒரு தாய் பிள்ளையின் வாயில் மிட்டாயை அடைத்தாள். ஐஸ்காரர் தன் வண்டி மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் அடங்கியது.

“மணி கேட்டுட்டாரு...” என்றது என் வண்டி. “அதுக்கு மேல கேக்குறவுக உண்டா... ஒருதரம்...”

அடுத்து கேட்டவரும் ரகசியமாகத்தான் கேட்டார். அதற்கடுத்தவரும். மச்சானோடு பேசினால் எல்லோருக்கும் வருகிற அந்த வியாதி, ஒரே நேரத்தில் ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. உச்சி வெயிலில், அத்தனை ஜனங்கள், காற்றுக் குரலில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சானின் விரல் முதலில் உயரும், ஒரு கணம் பிந்திக் குரல் என் வண்டியிலிருந்து வரும். புளிய இலைகள் உரசும் சத்தம் கேட்டது. நடுவில் சேவல் ஒரு தடவை கூவியது. அது மட்டும்தான் அன்று அந்த ஊரில் குரலெடுத்துப் பேசியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கோயில்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். ஒரு கூட்டம் இப்படி மூச்சைப் பிடித்து நின்று நான் பார்த்ததில்லை. என் கை ஸ்டியரிங்கை எப்போது விட்டதோ தெரியாது, கும்பிட்டுக்கொண்டிருந்தது.

நத்தத்துக்காரர் உட்கார்ந்துவிட்டார். வாழைத்தாரை அவரே ஏலம் கேட்டார். ரகசியமாக.

மூணாவது தரம்

கடைசியாக எலுமிச்சம்பழம். பிள்ளை இல்லாத இரண்டு வீட்டார் விடாமல் கேட்டார்கள். கடைசியில் ஒரு வீட்டார் மட்டும் மிஞ்சினார்கள்.

“ஒருதரம்...” விரல், பிறகு குரல். “ரெண்டுதரம்...” விரல், பிறகு குரல்.

அப்போது திரையில் அழைப்பு முடிந்தது என்று வந்தது. அந்த ஊரில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். எனக்குச் சட்டென்று உறைத்தது பாயின் ‘தானா’. போன் வைத்ததும் பாட்டு வரும். உள்ளே காத்துக்கொண்டிருந்தது ஒரு குத்துப் பாட்டு. அம்மனுக்கு முன்னால், முழுச் சத்தத்தில், பேஸ் பெட்டியோடு! இரண்டு கையாலும் சத்தக் குமிழைப் பிடித்து அடியோடு இறக்கினேன். வண்டி ஊமையானது.

படியில் மச்சானுக்கு இது தெரியாது. அவர் மூன்றாம் விரலை உயர்த்தினார். உதடு அசைந்தது. ஊர் ஒரு கணம் காத்திருந்தது, எப்போதும்போல.

குலவை எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்றாக, சரியான அந்தக் கணத்தில். கொட்டு முழங்கியது. எலுமிச்சம்பழத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் அழுதாள். ராமசாமி துண்டைப் போர்த்தினார். மச்சான் இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும்போது அவர் முன்சீட்டில் இருந்தார். என் பக்கம் சாய்ந்து, காதருகே, “கேட்டீகளா மாப்ள? கடைசித் தரம் மட்டும் பழைய கொரலு மாதிரியே விழுந்துச்சு” என்றார்.

“கேட்டேன் மச்சான்” என்றேன். நானும் ரகசியமாகத்தான் சொன்னேன்.

ஏலத்தின்போது பெண்கள் பக்கம் நின்றிருந்த தனத்திடம் பிறகு தனியாகக் கேட்டேன். அவளுக்கும் கேட்டதாம். டீக்கடை மணியிடம் கேட்டேன். “என்ன சார் இப்புடிக் கேக்குறீக, கணீர்னுல்ல விழுந்துச்சு” என்றார். வண்டிக்குள் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

மச்சான் இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர். இப்போது மறுபடி பேட்டைக்குப் போகிறார்; இந்த வாரத்து இதழ் அங்கே வந்ததும், நான் அவரிடம் மறைத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்வார். இப்போதெல்லாம் செய்கிறார். நான் உடனே எடுக்க மாட்டேன். வாசலுக்குப் போய், வண்டியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் எடுப்பேன்.